களப்பயிற்சியும் உதவித்தொகையும்



1913 ஆம் ஆண்டில் இரு நிகழ்ச்சிகள் நடந்தன. மாதம் 11½ பவுன் வீதம் பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையுடன் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். படித்து முடித்தபின் பத்தாண்டுகள் பரோடாவில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அதே ஆண்டில் இலண்டன் மாவட்ட மன்றம் சிரில் பர்ட் என்பாரைப் பள்ளிகளுக்கான உளவியலாளராக நியமித்தது. எந்தக் குழந்தை எந்தப் பள்ளிக்கு உரியது என்று அளந்து சொல்லும் தொழில் அவ்வாறுதான் இங்கிலாந்தில் வேரூன்றியது.

அளப்பவர் யார் என்பது சிறிய கேள்வி அன்று. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகள் அளவுக்கு மீறி 'அறிவு குறைந்தோர்' பள்ளிகளுக்கு அனுப்பப்படுவதைக் கிரெனடா நாட்டு ஆசிரியர் பெர்னார்ட் கோர்ட் 1971 இல் நூலெழுதி வெளிப்படுத்தினார். அப்பிள்ளைகளின் பேச்சு வழக்கையும் வாழ்க்கையையும் அறியாதவர்கள் வைத்த தேர்வுகளே அவர்களுக்கு முத்திரை குத்தின. நமக்கு இது புதிய செய்தியா?

அத்தொழிலுக்கு இன்று அங்கே மூன்றாண்டு முனைவர் பட்டம் வேண்டும். பின்னிரண்டு ஆண்டுகளின் பெரும்பகுதி களப்பயிற்சி. பள்ளி பள்ளியாக அலைய வேண்டும். இங்கிலாந்தில் அரசு நிதியில் சேர்வோருக்குக் கட்டணம் இல்லை. முதலாண்டு அரசும், பிறகு பயிற்சியளிக்கும் உள்ளாட்சி மன்றமும் உதவித்தொகை தருகின்றன. ஈடாகச் சில ஆண்டுகள் பொதுப்பணி செய்ய வேண்டும். அண்ணலின் பரோடா ஒப்பந்தம் நினைவுக்கு வருகிறதல்லவா! ஸ்காட்லாந்திலோ 2012 இல் இவ்வுதவி நிறுத்தப்பட்டு, 2018 இல் மீண்டும் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கையில் பணமுள்ளவரே துணிந்து சேர்ந்திருக்க முடியும்.

நம் வீட்டுக்கு வருவோம். இரண்டாண்டுப் பி.எட். படிப்பில் 20 வாரம் பள்ளிப் பயிற்சி உண்டு. அக்காலத்தில் பகுதிநேர வேலை பார்க்க இயலாது. கூலிக்குப் போகவும் இயலாது. பேருந்துக் கட்டணம், உணவு, பாடக் கருவிகளுக்கான அட்டையும் மையும், அணிந்து செல்ல நல்லதோர் ஆடை ஆகியவற்றை எந்த விண்ணப்பத்திலும் கேட்க நம் பிள்ளைகள் கூசுகிறார்கள். கட்டணத்தைக் கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நாமும் இருந்துவிடுகிறோம்.

நம் சங்கத்தின் உதவி விண்ணப்பத்தில் 'பயிற்சிக் காலச் செலவு' என்றொரு பத்தி சேர்க்க வேண்டுமென நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். தொகையை மாதந்தோறும், பயிற்சி தொடங்குமுன்னரே கொடுக்க வேண்டும். ரசீது கேட்டு அலைக்கழிக்க வேண்டாம்; பேருந்துச் சீட்டை யார் சேர்த்து வைப்பார்?