மனுவோடு ஒரு கேள்வியும்



சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்க இருபது பேர் போகிறோம். சால்வை போடுகிறோம், மனு கொடுக்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். ‘பார்க்கலாம்’ என்கிறார். திரும்பிவிடுகிறோம். மனு, உதவியாளர் கையிலுள்ள காகிதக் கட்டோடு சேர்ந்துவிடுகிறது.

இனி மனுவோடு ஒரு கேள்வியும் கொண்டுபோவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 17ஆம் விதியைப் படியுங்கள். ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவில் அவரும் உறுப்பினர். 3 மாதத்துக்கு ஒருமுறையாவது அக்குழு கூட வேண்டும். ஆகவே கேட்போம்: ‘கடைசிக் கூட்டம் என்றைக்கு நடந்தது? நீங்கள் போனீர்களா? 60 நாளில் தாக்கலாகியிருக்க வேண்டிய எங்கள் ஊர் வழக்கின் குற்றப்பத்திரிகை எங்கே என்று அடுத்த கூட்டத்தில் கேட்பீர்களா?’ தனித்தொகுதி உறுப்பினரானாலும் பொதுத்தொகுதி உறுப்பினரானாலும் கேள்வி ஒன்றுதான்.

பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அவரே முதலில் பேசட்டும். ஒருவர் குறிப்பெடுக்கட்டும். முதல் தகவல் அறிக்கை எண், தேதி, நிவாரணத்தில் வந்த தவணை, வராத தவணை எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். அவர் சொன்ன பதிலை அன்றைக்கே எழுதி அவருக்கே அனுப்புவோம். குழு கூடியதும் மறுபடி போவோம்.

அங்கே நாற்காலி இருந்தால் உட்கார்ந்தே பேசுவோம். நம்மை நிற்கவைத்தே பழகியவர்கள் முன்னால் அதுவும் ஒரு கோரிக்கைதான்.