பச்சை இலையின் பக்கம் வாருங்கள்



கோடம்பாக்கம் டீயில் இயங்கும் ஊர். விடியற்காலையில் ரயில் நிலையத்துப் பக்கம் முதல் பாய்லர் கொதிக்கும்போது யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். படப்பிடிப்புக்குக் கிளம்பும் லைட்மேன்கள், துணை நடிகர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், துப்புரவுப் பணியாளர்கள். கையில் கதையை வைத்துக்கொண்டு வாய்ப்புத் தேடும் உதவி இயக்குநர்களுக்கு டீக்கடை பெஞ்சுதான் அலுவலகம். டீ குடிக்கும் ஆள் எங்கும் குறையவில்லை. இந்தியாவில் விளையும் தேயிலையில் ஐந்தில் நான்கு பங்கை நாமே குடித்துத் தீர்க்கிறோம். அப்படியிருக்க, அந்தத் தேயிலையை விளைவிக்கும் நீலகிரியும் வால்பாறையும் ஏன் நொடிந்து போகின்றன? வாங்க ஆளில்லாமல் ஒரு தொழில் அழிந்தால் புரிந்துகொள்ளலாம். ஊரே வாங்கிக் குடிக்கும்போது அழிகிறதே, அதைத்தான் இன்று பட்டம் பெறும் உங்களிடம் பேச வந்தேன்.

குன்னூர் ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்வது என் தொழிலாக இருந்தது. நீண்ட மேசையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு மாதிரியிலும் இரண்டே முக்கால் கிராம் அளவுக்கு நிறுத்து எடுத்து, கொதிநீர் ஊற்றி, ஐந்தாறு நிமிடம் மூடி வைப்போம். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் ஓடவிட்டுத் துப்ப வேண்டும். திடம், சாயம், மணம், வாயில் நிற்கும் சுறுசுறுப்பு எல்லாம் அந்த இரண்டு நொடியில் தெரிந்துவிடும். கிண்ணத்து மூடியில் ஒட்டியிருக்கும் வெந்த இலையைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: தோட்டத்தில் எப்படிப் பறித்தார்கள் என்பது. இரண்டு இலை ஒரு மொட்டு என்று கையால் கிள்ளிய கொழுந்தா, கத்திரியால் வெட்டி அள்ளிய முற்றிய இலையா என்பதை அந்த ஈர இலை மறைக்காது. டிசம்பர், ஜனவரிப் பனியில் மெதுவாகத் துளிர்க்கும் நீலகிரித் தேயிலைக்கு ஒரு பூமணம் உண்டு. அந்த மணம் கிண்ணத்திலிருந்து ஆண்டுக்கு ஆண்டு விலகிப் போவதை நாக்கால் அறிந்தவர்களில் நானும் ஒருவர்.

அது எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

நீலகிரியில் தேயிலை முதலில் வெள்ளைக்காரத் துரைமார்களின் பயிர். அங்கே வாழும் படுகர் மக்களின் ஊர்களில் உருளைக்கிழங்குதான் பணப்பயிர். 1960-களில் கிழங்கை நூற்புழு வாட்டியது. அரசும் ஊக்கம் கொடுத்தது. கிழங்கு போட்ட நிலங்கள் ஒவ்வொன்றாகத் தேயிலையாக மாறின. ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருந்தவர்களும் நட்டார்கள். அவர்களிடம் தொழிற்சாலை இல்லை. பறித்த இலையை அன்றைக்கே விற்றாக வேண்டும், மறுநாள் வரை தாங்காது. அவர்களுக்காக 1965-இல் கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையமான இண்ட்கோசர்வ் அமைந்தது. பச்சை இலையை விலைக்கு வாங்கி அரைக்கும் தனியார் தொழிற்சாலைகளும் பெருகின. குன்னூரில் 1963 முதலே ஏலம் நடந்துகொண்டிருந்தது. அதனால் சரக்கு விற்பதில் சிரமம் இருக்கவில்லை.

பெரிய வாங்குநராக சோவியத் ஒன்றியம் இருந்தது. ரூபாய்க் கணக்கில் நடந்த வணிகம் அது. டாலர் தேவையில்லை, பேரமும் அதிகமில்லை. 1980-களின் கடைசியில் இந்தியா ஏற்றுமதி செய்த தேயிலையில் பாதி அளவுக்கு அங்கேதான் போனது. என்ன தரமானாலும் கப்பல் ஏறும் என்ற நம்பிக்கை மலையில் வேரூன்றியது. இந்த நம்பிக்கைதான் முதல் கேடு என்பது என் கருத்து. 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்தது. சில ஆண்டுகள் விலை தடுமாறியபடியே தாக்குப்பிடித்தது. 1998-க்குப் பிறகு அது சரிந்த வேகத்தை மலையில் யாரும் எதிர்பார்க்கவில்லை. கிலோ 10 ரூபாய்க்கு மேல் போன பசுந்தேயிலை, 2000 வாக்கில் 5 ரூபாயை ஒட்டி வந்து நின்றது. அதே நேரத்தில் இந்திய-இலங்கை தடையற்ற வணிக ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்து, ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரை இலங்கைத் தேயிலை வரிச்சலுகையில் வர வழி பிறந்தது.

விலை விழுந்ததும் விவசாயி என்ன செய்வார்? பறிகூலி கொடுக்க முடியாமல் கத்திரியை எடுத்தார். கத்திரி முற்றிய இலையையும் காம்பையும் சேர்த்தே வெட்டும். எடை கூடியது, தரம் போனது. தரம் போனதால் ஏலத்தில் விலை இன்னும் இறங்கியது. விலை இறங்கியதால் உரம் குறைந்தது, கவாத்து தள்ளிப்போனது, வயதான செடியை மாற்ற முதல் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மலை இந்தச் சுழலுக்குள்ளேயே கிடக்கிறது.

இதே கதை ஜார்ஜியாவிலும் நடந்திருக்கிறது. சோவியத் ஆட்சியில் அங்கே கொழுந்து பறிக்க 'சகார்த்வெலோ' என்ற இயந்திரம் வந்தது. இலக்கை எட்ட அளவுதான் முக்கியம் என்று ஆனபோது இலை கெட்டது. வாங்கிய அரசாங்கமே மறைந்தபோது, கருங்கடல் ஓரத்துத் தோட்டங்கள் புதர் மண்டிப் போயின. ஒரே வாங்குநரைப் பெரிதும் நம்பி, தரத்தைக் கைவிட்டு, அளவை மட்டும் பெருக்கிய இரண்டு மலைப்பகுதிகளும் ஒரே அடியில் சாய்ந்தன.

வணிகவியல் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு கணக்கு. பச்சை இலைக்கு மாதந்தோறும் தேயிலை வாரியம் ஒரு விலை அறிவிக்கிறது. ஏலத்தில் கிடைக்கும் சராசரி விலையில் விவசாயிக்கு 65 பங்கு, தொழிற்சாலைக்கு 35 பங்கு என்ற கணக்கில் அது வருகிறது. ஒரு கிலோ தூள் ஏலத்தில் 100 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விவசாயியின் பங்கு 65 ரூபாய். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். ஆக, கிலோ இலைக்கு 14 ரூபாய் சொச்சம். அதிலிருந்துதான் பறிகூலி, உரம், மருந்து, வண்டி வாடகை எல்லாம். 2023-இல் கோத்தகிரியில் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தபோது கேட்டது கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு. உற்பத்திச் செலவோடு பாதி சேர்த்துக் கொடுங்கள் என்ற சுவாமிநாதன் குழுவின் கணக்குப்படி கேட்டார்கள். அது பேராசை என்று யாராவது சொன்னால், ஒரு ஏக்கருக்கான வரவு செலவை அவர்கள் முன்னால் எழுதிக் காட்டுங்கள்.

பணம் எங்கே போனது என்பதற்கு 2000 முதல் நடந்தவையே சாட்சி. அந்த ஆண்டு டாட்டா டீ, பிரிட்டனின் டெட்லி நிறுவனத்தை வாங்கியது. உலகின் பெரிய பாக்கெட் வணிகங்களில் ஒன்று இந்தியக் கைக்கு வந்ததை நாம் பெருமையாகக் கொண்டாடினோம். ஐந்தே ஆண்டில், 2005-இல், கேரளத்தின் மூணாறு தோட்டங்களில் பெரும்பாலானவற்றை அந்த நிறுவனம் கைமாற்றிவிட்டது. ஊழியர்களையே பங்குதாரர்களாக்கிய கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனி அவற்றை ஏற்றது. இந்துஸ்தான் லீவரும் அதே காலகட்டத்தில் தன் தோட்டங்களைக் கழற்றிவிட்டது. வணிக மேலாண்மைப் பாடத்தில் இதை நல்ல உத்தி என்பார்கள். பாக்கெட்டில் லாபம், தோட்டத்தில் சுமை. சுமையை இறக்கி வைத்துவிட்டார்கள். யார் தலையில் என்றுதான் நான் கேட்கிறேன். பத்து ஆண்டு கழித்து, 2015 செப்டம்பரில், மூணாறு தெருவில் உட்கார்ந்த 'பெம்பிளை ஒருமை' என்ற தோட்டத் தொழிலாளர் அமைப்பின் பெண்கள் கேட்டதும் இதையே. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். போனஸைப் பாதியாகக் குறைத்ததை எதிர்த்து எழுந்தார்கள். தங்களுக்காகப் பேச வேண்டிய தொழிற்சங்கங்களையும் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டுத் தாங்களே பேசினார்கள், 20 சதவீதம் பெற்றார்கள். பங்குப் பத்திரம் ஒரு தொழிலாளியை முதலாளி ஆக்கிவிடாது என்பதை எந்தப் பொருளாதார நூலையும்விட அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள்.

நம் மாநிலத்துக்கு வருவோம். 1964-இல் இலங்கையுடன் செய்த சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒத்துக்கொண்டது. இலங்கையின் மலைகளைத் தேயிலையாக்கிய குடும்பங்கள் அவர்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை தரவே 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் பின்னர் டான்டீ என்ற கழகம் ஆனது. நட்டத்தைக் காட்டி 2022-இல் டான்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. காடு திரும்புவதை நான் எதிர்க்கவில்லை. தேயிலையே சோலைக்காட்டை அழித்து வந்த பயிர்தான். ஆனால் ஒரு நாட்டிலிருந்து கப்பலில் அனுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளை லைன் வீட்டிலிருந்து மறுபடியும் கிளப்புவதற்கு முன், அவர்கள் பெயரில் வீடும் நிலமும் எழுதிவைக்க வேண்டாமா?

திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் நடந்ததும் இதே போன்றதுதான். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த 8,374 ஏக்கர் அது. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வும் உரிமையும் கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள் மீது தடியடி நடந்தது. தாமிரபரணியில் 17 பேர் மாண்டார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் அடக்கம். குத்தகை 2028-இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-இல், விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களிடம் கையெழுத்து வாங்கித் தோட்டத்தை நிறுத்தினார்கள். நான்கு தலைமுறை பிறந்து வளர்ந்த ஊரைவிட்டுப் போகும் ஓய்வுக்கு 'விருப்ப' என்ற சொல்லை ஒட்டுவது நியாயமே இல்லை.

கட்டுப்படியாகவில்லை என்றால் வேறு பயிருக்கு மாறலாமே என்று நகரத்தில் சுலபமாகச் சொல்கிறோம். தேயிலை வேர் மலைச்சரிவு மண்ணைப் பிடித்து நிற்கும் வேர். அதைப் பிடுங்கிவிட்டு காரட்டும் பீட்ரூட்டும் போட்டால் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மண்ணைக் கிளற வேண்டும். மழை வந்தால் அந்த மண் கீழே இறங்கும். விற்றுவிட்டால் அங்கே எழுவது சொகுசு விடுதி. மலையில் இப்போது இரண்டும் நடக்கின்றன. விவசாயி வீட்டுப் பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் இங்கே சென்னைக்கும் வேலைக்கு வந்துவிட்டார்கள். இந்த அரங்கத்திலும் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஊர்த் தோட்டத்தில் இன்று கொழுந்து பறிப்பவர்களில் பலர் ஜார்கண்ட் போன்ற வெளிமாநிலங்களிலிருந்து வந்தவர்கள்.

வழியே இல்லை என்று சொல்வதற்காக இவ்வளவு தூரம் வரவில்லை. கென்யாவில் லட்சக்கணக்கான சிறு விவசாயிகள் தாங்கள் இலை போடும் தொழிற்சாலைக்குத் தாங்களே பங்குதாரர்கள். மாதாமாதம் ஒரு தொகை, ஆண்டு முடிவில் விற்பனைக்கு ஏற்ப இரண்டாம் தொகை. நிர்வாகச் சண்டைகள் அங்கும் உண்டு. ஆனாலும் நல்ல இலை போட்டால் நமக்கே லாபம் என்ற எண்ணம் அங்கே நிற்கிறது. இலங்கையில் மெரில் பெர்னாண்டோ, மொத்தச் சரக்காகப் போய்க்கொண்டிருந்த தேயிலையை விளைந்த நாட்டிலேயே பாக்கெட் போட்டு, டில்மா என்ற பெயரில் 1980-களில் ஆஸ்திரேலியக் கடைகளில் வைத்தார். நம்மிடம் இண்ட்கோசர்வின் 16 தொழிற்சாலைகள் இருக்கின்றன. ரேஷன் கடை வரை போகும் ஊட்டி டீ இருக்கிறது. இல்லாதது, நல்ல இலைக்குத் தனி விலை கொடுக்கும் ஏற்பாடும், அதை நேர்மையாக நடத்தும் ஆட்களும்.

ஆட்கள் என்று சொன்னது உங்களைத்தான். வணிகவியல் பட்டதாரிகளே, கூட்டுறவுத் தொழிற்சாலைக் கணக்கைத் தமிழில், உறுப்பினருக்குப் புரியும்படி எழுதித் தர அங்கே ஆள் வேண்டும். கணினி படித்தவர்களே, இலை எடை போடும் இடத்தில் ஈரத்துக்கும் முற்றலுக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்பது அந்த நிமிடமே விவசாயியின் கைப்பேசிக்கு வரட்டும். அதற்கு ஒரு சிறிய செயலி போதும். வேதியியல் படித்தவர்களே, டீத்தூளில் சாயம் கலப்பவனைக் கண்டுபிடிக்கும் சோதனை உங்கள் கையில் இருக்கிறது. கலப்படத் தூள் ஒவ்வொரு கிலோவும் நல்ல தூளின் விலையை அடிக்கிறது. காட்சித் தொடர்பியல் படித்தவர்களே, கோடம்பாக்கம் எத்தனையோ பாடல்களைத் தேயிலைத் தோட்டத்தில் எடுத்தது. அந்தப் பாடல்களில் வந்த கொழுந்துக் கூடைகள் காலியாக இருந்தன. பால் ஹாரிஸ் டேனியல் 1969-இல் எழுதிய 'ரெட் டீ' நாவல் 'பரதேசி' படமாக வர 2013 வரை ஆனது. அடுத்த படத்துக்கு அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேலை தேடும் இந்த மாதங்களில் இரண்டு நாள் ஒதுக்குங்கள். சென்ட்ரலிலிருந்து இரவு ஒன்பது மணி வாக்கில் நீலகிரி எக்ஸ்பிரஸ் புறப்படுகிறது. காலையில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து பேருந்தில் குன்னூர். பிற்பகலில் ஏதாவது ஒரு கூட்டுறவுத் தொழிற்சாலையின் எடைமேடைப் பக்கம் போய் நில்லுங்கள். இலைக்கு என்ன விலை கிடைத்தது என்று கொண்டுவருபவரிடமே கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து, எங்கே வேலைக்குப் போவது என்று முடிவெடுங்கள்.