குறுகிய தளத்திலிருந்து எழுதல்

விமானம் நிலத்தை விட்டு நீங்கும் கணத்தில் அதனைத் தாங்கி நிற்பது யாது? இறக்கையின் தூக்குவிசை. இவ்விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், விசை நூற்றுக்கு 81 ஆகிவிடும். அக்குறையை ஈடுசெய்ய விமானி மூக்கை உயர்த்துகிறார். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூட, விசையும் கூடும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 15 பாகையைக் கடந்ததும், இறக்கையின் மேற்புறத்தைத் தழுவிச் சென்ற காற்று பிரிந்து சிதறுகிறது, தூக்குவிசை சரிகிறது. இதனையே 'ஸ்டால்' என்பர். எஞ்சின் நின்றுபோவதே ஸ்டால் என்று மாணவர் பலர் கூறக் கேட்டிருக்கிறேன். அஃது அன்று, எஞ்சின் முழு ஆற்றலுடன் முழங்கும்போதும் ஸ்டால் நேரலாம்.

இரட்டை ஜெட் எஞ்சின் கொண்ட பயணிகள் விமானம் எழுந்து ஏறும் வேகம், ஸ்டால் வேகத்தைவிடக் குறைந்தது நூற்றுக்கு 13 பங்கு மிகுந்திருத்தல் வேண்டும் என்பது விதி. நீண்ட ஓடுபாதை இருப்பின் இது எளிது. இல்லாவிடில்?

1942 ஏப்ரல் 18 அன்று 'ஹார்னெட்' என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து, தரைப்படையின் பி-25 குண்டுவீச்சு விமானங்கள் 16 ஜப்பானை நோக்கிப் புறப்பட்டன. முதல் விமானத்தைச் செலுத்திய டூலிட்டிலுக்குக் கிடைத்த ஓட்டம் 467 அடியே. ஸ்டாலின் விளிம்பை ஒட்டிய குறைந்த வேகத்தில் எழுவதற்கு, ஹென்றி மில்லர் என்னும் கப்பற்படை அதிகாரி ஃபுளோரிடாவில் அவ்விமானிகளைப் பழக்கியிருந்தார்.

கப்பல் காற்றை எதிர்த்து விரைந்தது. எழுவதற்கு வேண்டிய வேகம் தளத்தைக் குறித்ததன்று, காற்றைக் குறித்தது. மணிக்கு 70 மைல் வேகத்தில் எழும் விமானம் ஒன்றைக் கொள்வோம். எதிர்க்காற்று 40 மைலாயின், அது தளத்தின்மீது ஓடிப் பெறவேண்டியது 30 மைலே. முடுக்கம் மாறாதெனின் ஓட்டத்தின் நீளமும் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டியது. ஆதலின் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான தளம் போதும்! கப்பலின் முகப்பு அலையில் உயரும் தருணத்தில் விமானம் விளிம்பை எட்டுமாறு, அனுமதிக் கொடியும் காலம் பார்த்தே அசைக்கப்பட்டது.

ஏழாவது விமானத்தில், இறக்கையின் பின்விளிம்பில் தாழ்த்தி வைக்கவேண்டிய 'ஃபிளாப்' தகடுகள் தாழ்த்தப்படவில்லை. தளத்தைத் தாண்டியதும் அது அலைகளை நோக்கி இறங்கிற்று. வானில் உயரே இவ்வாறு நேர்ந்தால், மூக்கைத் தாழ்த்தி வேகம் பெற இடமுண்டு. அங்கோ கீழே கடல். எனினும் வேகம் சேர்ந்து அது மீண்டெழுந்தது.

ஒரு மணி நேரத்துக்குள் 16 விமானங்களும் எழுந்துவிட்டன. ஆயினும் அக்கப்பலில் மீண்டும் இறங்க அவற்றால் இயலாது. ஒன்று சோவியத் நாட்டில் இறங்கிற்று. ஏனைய 15 விமானங்களும் சீனத்திலும் அதன் கரையோரக் கடலிலும் அழிந்தன.