பட்டமும் தத்தும்

(ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே ஆலைகளில் வேலை செய்கிறவர்களில் ராமநாதபுரத்துக்காரர்கள் நிறைய. அதனால் சேதுபதி என்ற பட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன். அது பரம்பரையாக, ரத்தத்தில் வருவது என்பார்கள். ஆவணங்களைப் புரட்டினால் அதில் ரத்தத்தைவிட மைதான் அதிகம்.

1795-ல் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்தது கம்பெனி. 1809-ல் சிறையிலேயே இறந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே, 1803-ல், சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாருக்கு ஜமீன் சன்னது கொடுத்துவிட்டார்கள். நாடு ஜமீன் ஆனது, மன்னர் வரி கட்டுகிறவர் ஆனார். பின்னாளில் ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் தன் தங்கை மகனைத் தத்து எடுத்தார். செத்துப்போன கணவரின் அனுமதி இல்லாத தத்து செல்லாது, வாரிசு இல்லை, ஜமீன் அரசுக்கே என்றார் மதுரை கலெக்டர். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கணவரின் பங்காளிகள் சம்மதித்தால் போதும், தத்து செல்லும் என்று 1868-ல் தீர்ப்பு வந்தது. இந்து சட்டம் படிப்பவர்கள் இன்றும் படிக்கிற வழக்கு அது.

பிறப்பை ஒரு சடங்கும் ஒரு தீர்ப்பும் மாற்றிவிட்டன. மாற்ற முடிந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

அந்தத் தத்துப் பிள்ளையின் மகன்தான் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தரைச் சிகாகோ போகத் தூண்டியவர். 1897 ஜனவரியில் பாம்பனில் அவரை வரவேற்றவரும் இவரே. அதே ஆண்டு மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் போய் வழிபட்டார்கள். பரம்பரை தர்மகர்த்தா என்ற முறையில் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். தீட்டுக் கழிக்க 2,500 ரூபாய் வேண்டும் என்பதும் கோரிக்கையில் ஒன்று. பாம்பனுக்கும் கமுதிக்கும் இடையே நான்கே மாதம்!

நாடார் தரப்பு, நாங்களும் க்ஷத்திரியர்தான் என்று வாதாடியது. 'மனிதர்கள், அதனால் உள்ளே வந்தோம்' என்று வாதாட அன்றைய சட்டத்தில் இடமில்லை. அவர்களும் ஒரு வம்சத்தைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது. அதுதான் எனக்கு வலிக்கிறது. 1899-ல் தோற்றார்கள், 1901-ல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள், 1908-ல் பிரிவி கவுன்சிலிலும் தோற்றார்கள். இடையில், 1903-ல், பாஸ்கர சேதுபதி இறந்துவிட்டார். பட்டத்தோடு வழக்கும் வாரிசுக்குப் போனது. ராஜா வீட்டுக்குப் பிறப்பை எழுதிக் கொடுத்த அதே பிரிவி கவுன்சில், வாசலில் நின்றவர்களிடம் பிறப்பு மாறாது என்றது.

ஸ்காட்லாந்தில் 2004-ல் நிலமானிய முறையை ஒழித்தார்கள். நிலத்திலிருந்து கழன்றுகொண்ட 'பேரன்' பட்டம் இப்போது காசு கொடுத்தால் விலைக்கே கிடைக்கிறது. நம் ஊரில் 1948 சட்டம் ஜமீனை எடுத்தது. அரசு பட்டம் வழங்கக் கூடாது என்றது அரசியல் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. ஆனாலும் 1952-ல் ராஜாஜி அமைச்சரவையில் சண்முக ராஜேஸ்வர சேதுபதி அமைச்சரானபோது ஜனங்களுக்கு அவர் ராஜாதான். 1959 அறநிலையத் துறைச் சட்டத்திலும் 'பரம்பரை அறங்காவலர்' பத்திரமாக இருக்கிறார்.

என் தாத்தாவுக்கும் ஒரு பரம்பரைப் பதவி இருந்தது. வெட்டியான் வேலை. அதற்குச் சன்னது கிடையாது, லண்டனில் வழக்கும் கிடையாது. ஒரு தகராறும் இல்லாமல் அப்பாவுக்கு வந்தது. இதை வாங்கிக்கொள்ள யாரும் தத்துப் பிள்ளையாக வரமாட்டார்கள். அப்பா பத்தொன்பது வயதில் ஊரைவிட்டு வந்தார். இந்தப் பக்கத்து ஆலை ஒன்றில் வாட்ச்மேனாக இருந்து என்னைப் படிக்கவைத்தார். ஊரில் சாவு விழுந்தால் இன்றும் எங்கள் வீட்டுக்குப் போன் வருகிறது. போன மாதமும் வந்தது. அப்பா நம்பரைப் பார்த்தார், எடுக்கவில்லை.