யாழும் சிலம்பும்: வறியோர் கண்ட மாநகர்



பெருநகரைச் சுற்றிக் காணப் பெரும்பொருள் வேண்டும் என்பது பலர் எண்ணம். தமிழின் பழங்கவிதையோ நகரங்களைப் பெரும்பாலும் கையில் பொருளில்லாதவன் கண்கொண்டே காட்டியுள்ளது. காஞ்சியைக் காட்ட ஒரு பாணன் வேண்டியிருந்தான். புகாரில் பொருளையெல்லாம் தொலைத்துவிட்டு வந்த வணிகன் மகன் ஒருவன் மதுரையைக் காட்ட வேண்டியிருந்தான். மதுரைக்காஞ்சி இதற்கு விலக்கு. அதன் 782 அடிகளிலும் நகரைக் காட்டுபவர் அரசனுக்கு நிலையாமை உணர்த்த வந்த மாங்குடி மருதனார். பாணனும் கோவலனும் வறுமையோடுதான் வழிநடந்தனர். ஒருவன் பரிசிலோடு மீண்டான், மற்றவன் மீளவேயில்லை. அது ஏன் என்பதே இவ்வுரையின் பொருள்.

ஆற்றுப்படையை வள்ளலைப் புகழும் பாட்டென்று மட்டும் கற்பிப்பது வகுப்பறை வழக்கம். அது வறியவனுக்கு வறியவன் சொன்ன வழித்துணை என்பதே அதன் உயிர். சிறுபாணாற்றுப்படையின் 269 அடிகளுள் மறக்கவியலாதது, வழிகாட்டும் பாணன் தன் பழைய அடுக்களையை நினைவுகூரும் இடம். கண் திறவாத குட்டிகளுக்குப் பாலில்லாத நாய் குரைக்கும் அவ்வடுக்களையில் காளான் பூத்திருக்கிறது. மனைவி குப்பைக்கீரையைக் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். அயலார் கண்டுவிடுவரோ என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். அத்தகைய வீட்டிலிருந்து வந்தவன்தான், எதிர்வந்த மற்றொரு பாணனுக்கு எங்கெங்கு என்ன உணவு கிடைக்கும் என்று சொல்கிறான்: எயிற்பட்டினத்தில் நுளையர் தரும் தேறலும் சுட்ட குழல்மீனும், வேலூரில் எயினர் குடிலில் புளிக்கறிச் சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் உழவர் மனையில் கைக்குத்தல் அரிசிச் சோறும் நண்டும். எங்கும் விலை கிடையாது. வழியின் முடிவில் நல்லியக்கோடனின் வாயில், பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடைக்கப்படாத வாயிலாக நிற்கிறது.

இத்தனை வீடுகளும் முன்பின் அறியாத ஒருவனுக்குச் சோறிட்டமைக்கு அன்று நிலவிய விருந்தறம் காரணம் என்பர். அது உண்மையே. ஆயினும் பாணன் கையிலிருந்த யாழும் எண்ணத்தக்கது. அவன் யார், எதற்கு வந்தான் என்பவற்றை அவன் வாய் திறக்குமுன் யாழே சொல்லிவிடுகிறது. இன்று விடுதி வாயிலில் அடையாள அட்டையைத் தேடிப் பையைக் கிளறுவோர்க்கு இதன் அருமை விளங்கும். வீட்டில் கதவடைத்து மறைத்த வறுமையை வழியில் அவன் மறைப்பதில்லை. யாழை ஏந்தியவன் வறியவன் என்பதை நாடறியும்.

இனிக் கோவலன். புலருமுன், தாய்தந்தையர் அறியாமல் புகாரைவிட்டுப் புறப்பட்டவன் அவன். அவனுக்கு எஞ்சிய முதல் கண்ணகியின் காற்சிலம்பு. கவுந்தியடிகள் துணையாகின்றார். மதுரையை நெருங்கும்போது வெயிலுக்கு அஞ்சிப் பகலில் தங்கி நிலவில் நடக்கின்றனர். வழியில் கொற்றவையைப் பாடும் பாணர் கூட்டம் ஒன்று எதிர்ப்படுகிறது. புறஞ்சேரியிறுத்த காதையின் இப்பகுதியைப் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். கோவலன் அவர்களோடு கலந்து செங்கோட்டியாழின் நரம்பு கட்டி இசைக்கிறான். அதன்பின் கூடல் இன்னும் எவ்வளவு தொலைவு என்று வினவுகிறான். அகிற்புகையும் சந்தனமும் அடிசில் மணமும் சுமந்து காற்று வருகிறதே, நகர் அண்மையில்தான், தனியே போனாலும் தடுப்பார் இல்லை என்கின்றனர் பாணர்.

ஆற்றுப்படையின் காட்சியேதான் இது. வறியவன் ஒருவன் வழியில் பாணரைக் காண்கிறான், பாணர் நகருக்கு வழி சொல்கின்றனர். கோவலன் கையில் அப்போது யாழும் இருந்தது. கானல்வரி பாடி மாதவியைப் பிரியக் காரணமான அந்த இசைப்புலமை அவனைவிட்டு இன்னும் போகவில்லை. எனினும் அவன் பாணரோடு நகர் புகவில்லை. யாழைவிட்டுச் சிலம்போடு போனான்.

அடுத்து வையை. குதிரைமுகமும் யானைமுகமும் சிங்கமுகமும் கொண்ட அம்பிகள் இயங்கும் பெருந்துறையை விடுத்து, இம்மூவரும் ஒரு மரப்புணையில் ஆற்றைக் கடக்கின்றனர். செலவை எண்ணும் பயணியை இளங்கோ இவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறார். தங்கியதும் மதிலுக்கு வெளியே, அறவோர் உறையும் புறஞ்சேரியில்.

மறுநாள், தன் நிலையை நகரத்து வணிகர்க்கு உணர்த்தி வருவதாகச் சொல்லிக் கோவலன் தனியே போகிறான். வாயில் காக்கும் யவன வீரர் ஐயுறாதபடி உள்ளே நுழைகிறான். ஊர்காண் காதை முழுவதும் அவன் நடந்து கண்ட மதுரை. கொடிகளின் நிழல் வெயிலை உள்ளே விடாத தெருக்கள், கணிகையர் வீதி, நால்வகைக் குற்றமும் நீங்கிய வயிரம் முதலாக ஒன்பது மணிகளும் விற்கும் கடை, வாங்குவோர் மயங்காதபடி நால்வகைப் பொன்னுக்கும் கொடி நாட்டிய பொற்கடை, அறுவைக் கடை, மிளகுப் பொதியும் தானியமும் குவிந்த கூலக் கடை. ஒன்றும் வாங்காமல் இத்தனையையும் ஒருவன் கண்டான். கையில் பொருளிருந்திருந்தால் முதற்கடையிலேயே நின்றிருப்பான். மணியின் குற்றங்களைப் பெயர் சொல்லி அடுக்கும் இப்பகுதி வணிகன் மகன் கண்ணுக்கே உரியது. கோவலன் மகிழ்ந்து திரும்புகிறான். மதுரை தீதற்ற ஊர் என்று கவுந்தியிடம் சொல்கிறான். வயிரத்தின் களங்கம் அறிந்தவன் ஊரின் களங்கத்தை அறிந்திலன்.

எந்த வணிகரைக் காண்பதாகச் சொல்லிப் போனானோ, அவர்களுள் ஒருவரையேனும் கண்டு பேசியதாக இளங்கோ பாடவில்லை. அந்த மௌனம் பொருளுடையது. மாமனார் பெயரைக் கேட்டாலே இவளைச் செல்வ வணிகர் அரும்பொருள் பெற்றாற்போல் எதிர்கொள்வர், அதுவரை காத்திரு என்றுதான் கவுந்தி கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கிறார். மாசாத்துவான் என்ற ஒரு பெயரே அந்நகரில் கோவலனுக்கு யாழாகியிருக்கும். ஆயர்பாடியில் ஒரு வேளை உணவுக்குப் பின் அப்பெயரைச் சொல்லாமலே அவன் சிலம்பை விற்கப் புறப்படுகிறான். வெறுங்கையோடு தந்தையின் பெயரை உரைக்க நாணினான் போலும். பாணன் மனைவி தன் அடுக்களைக் கதவை அடைத்த அதே நாணம்தான் இது. பாணன் அதை வீட்டோடு விட்டுவிட்டு வழிக்கு வந்தான். கோவலன் அதை நகருக்குள்ளும் சுமந்து போனான்.

ஆயர்பாடியின் அவ்வுணவைப் பற்றி ஒரு சொல். மாதரி தந்த வெள்ளரிக்காயும் மாதுளங்காயும் மாம்பழமும் வாழைப்பழமும் நெல்லரிசியும் பாற்பயனும் கொண்டு கண்ணகி தன் கையால் சமைத்தாள். மதுரை மாநகரம் இவ்விருவர்க்கும் விலையின்றித் தந்தது இந்த ஒரு வேளை உணவே. தந்தவள் மோர் விற்கும் இடைக்குல மூதாட்டி.

பின் நிகழ்ந்ததை அவையோர் அறிவர். வறிய அயலான் கையில் விலைமிக்க பொருள் இருந்தால் அது அவனுடையதாக இராது என்பதே பொற்கொல்லனின் சூழ்ச்சிக்கு முதல். காவலர் தயங்குகின்றனர், இவன் முகம் கள்வன் முகமன்று என்கின்றனர். களவு நூல் கூறும் உபாயங்களை எடுத்துரைத்துப் பொற்கொல்லன் அத்தயக்கத்தைக் கலைக்கிறான். அப்போதும் வாளோங்கியவன் கல்லாத களிமகன் ஒருவனே. பாணனுக்கு யாழ் சான்றானது போலவே கோவலனுக்குச் சிலம்பும் சான்றாயிற்று, அவனுக்கு எதிரான சான்றாக. முதல் நாள் யவனர் ஐயுறாமல் விட்டதற்கும் மறுநாள் நகரம் ஐயுற்றதற்கும் இடையே மாறியது ஒன்றே: அவன் வெறுங்கையனாக வரவில்லை.

மன்னனோ அவன் பெயரைக்கூட வினவவில்லை. கோவலன் யார், எவ்வூரான், யார் மகன் என்று மதுரையில் கேட்டவர் ஒருவருமில்லை. அவ்வினா பிறந்தபோது மறுமொழி சொல்ல அவன் உயிரோடில்லை. எஞ்சிய ஒற்றைச் சிலம்போடு அதே வீதிகளைக் கடந்து அரண்மனை வாயிலில் போய் நின்ற கண்ணகியைத்தான் பாண்டியன் யாரென்று கேட்டான். அவள் தன் ஊர் புகார் என்றாள். மாசாத்துவானின் பெயரைச் சொன்னாள். அவன் மகனின் மனைவி என்றாள்.