நம்மை நாமே அறிமுகம் செய்தல் ஓர் அமானிதம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.

 

சில மாதங்களுக்கு முன், பட்டப்படிப்பு முடித்த ஒரு வாலிபர் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தார். கைப்பேசியில் லிங்க்ட்இன் என்னும் இணையதளத்தில் உள்ள தம் பக்கத்தைக் காட்டினார். "ஹஜ்ரத், நம் மதரஸாவில் நான் மூன்று வருடம் கணக்கராக இருந்ததாகப் போட்டிருக்கிறேன். யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்" என்றார். உண்மையில் அவர் செய்தது, ஒரு ரமலான் மாதம் முழுவதும் நோன்புக் கஞ்சியின் வரவு செலவை எழுதிக் கொடுத்ததேயாகும்.

நாம் மறுத்துவிட்டோம். அவர் முகம் வாடிப் போயிற்று. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பொய் கூறாதே என்று சொல்லி அனுப்பிவிட்டோமே, உள்ளதை எவ்வாறு சொல்வது என்று அவருக்குக் கற்றுக் கொடுத்தோமா என்னும் கேள்வி நெஞ்சை உறுத்தியது. அதற்கான விடையே இன்றைய இந்த உரை.

இத்தளத்தைப் பற்றிப் பெரியோர்கள் அறிந்து கொள்வது நலம். லிங்க்ட்இன் 2003 ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. 2016 இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதனை வாங்கியது. இன்று 100 கோடிக்கும் மேற்பட்டோர் இதில் பதிவு செய்துள்ளனர். படிப்பு, பார்த்த வேலை, கற்ற தொழில் ஆகியவற்றை ஒருவர் இதில் எழுதி வைக்கின்றார். ஆள் தேடும் நிறுவனத்தார் அதனைப் படித்துப் பார்க்கின்றனர். அன்று வேலை தேடுவோர் பயோடேட்டாவைக் கையில் ஏந்திப் படியேறினர். இன்று அந்தக் காகிதம் இரவும் பகலும் கடைவீதியில் விரித்து வைக்கப்பட்டிருக்கின்றது என்று கொள்ளுங்கள்.

நம் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நெல் கொண்டு செல்வோர் இங்கே பலர் உள்ளனர். மேலே தெரியும் நெல்லைப் பார்த்து மட்டும் எந்த வியாபாரியும் விலை சொல்வதில்லை. மூட்டையின் நடுவிலிருந்து அள்ளிப் பார்த்த பின்னரே பேசுவார். மதீனாவின் கடைவீதியில் நபி (ஸல்) அவர்களும் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் கூறினார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா எனக் கேட்டு, ஏமாற்றுவதை வன்மையாகக் கண்டித்தார்கள். ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ள செய்தி இது.

நம் இணையப் பக்கமும் அத்தகைய மூட்டையே. பார்க்காத வேலையைப் பார்த்ததாக எழுதினால், நேர்காணலில் கேட்கப்படும் இரண்டாவது கேள்வியிலேயே ஈரம் கையில் படும். வேலை கிடைத்த பின் வெளிப்பட்டாலோ, வேலையோடு பெயரும் போய்விடும். அந்த ஊர்க்காரர்கள், அந்தச் சமுதாயத்தார் இப்படித்தான் என்னும் பழி, அடுத்து வரும் வாலிபனின் தலையிலும் விழும்.

"அப்படியானால் நம்மைப் பற்றி நாமே பேசுவது பெருமையடிப்பதாகாதா? அடக்கமாக இருந்துவிடலாமே" என்று சிலர் கேட்கின்றனர். அதுவும் சரியன்று. நபி யூசுஃப் (அலை) அவர்கள் மிஸ்ரு நாட்டு மன்னரிடம், களஞ்சியப் பொறுப்பைத் தமக்குத் தருமாறு தாமே கேட்டார்கள். அப்போது தம் அழகையோ, நபிமார்களின் வழித்தோன்றல் என்னும் குலப்பெருமையையோ எடுத்துரைக்கவில்லை. பாதுகாக்கும் நேர்மையும் அதற்குரிய அறிவும் தம்மிடம் இருப்பதை மட்டுமே கூறினார்கள். அந்தப் பணிக்கு எவை தேவையோ அவ்விரண்டையும் சொன்னார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

நம் கண்ணெதிரே நிற்கும் செஞ்சிக் கோட்டையைப் பாருங்கள். நூற்றாண்டுகளாக அது அங்கேயே நிற்கின்றது. ஆயினும் அதன் வரலாறும் அமைப்பும் ஆவணமாகத் தொகுக்கப்பட்டு, முறைப்படி முன்வைக்கப்பட்ட பின்னரே, மராட்டியப் போர்க்களக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டைக்கே எடுத்துரைப்பார் தேவைப்படும்போது, நம் பிள்ளைகளின் திறமை தானாகவே உலகிற்குத் தெரிந்துவிடுமா?

ஆகவே வாலிபர்களே, எழுதும் முறையைக் கேளுங்கள். பெயருக்குக் கீழே வரும் ஒற்றை வரியில் "கடின உழைப்பாளி" என்று எழுதாதீர்கள். அதை எல்லோரும் எழுதுகின்றனர். "வணிகவியல் பட்டதாரி, டேலி கணக்கு தெரியும்" என்று தொழிலைக் குறிப்பிடுங்கள். வேலை அனுபவத்தில் என்ன செய்தீர்கள், எத்தனை காலம், என்ன பலன் என்பவற்றைச் சுருக்கமாகக் கூறுங்கள். தந்தையின் மளிகைக் கடையில் சரக்கு இருப்பைக் கவனித்ததும் அனுபவமே. அதை மறைக்க வேண்டாம். மேலாளர் என்று பட்டம் சூட்டவும் வேண்டாம். தெளிவான, கண்ணியமான நிழற்படம் போதுமானது. தம் படம் எல்லோர் பார்வைக்கும் செல்வதை விரும்பாத சகோதரிகள், யார் காணலாம் என்பதை அத்தளத்திலேயே வரையறுத்துக் கொள்ளலாம். படமே இல்லாமலும் பக்கம் தொடங்கலாம். படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண்மக்களுக்கு, வீட்டிலிருந்தே செய்யும் பணிகளைத் தேட இது ஒரு வாசலாகும்.

அடுத்தது, தொடர்பு கொள்ளும் முறை. நபித்தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது அங்கே அவர்களுக்குத் தொழில் இல்லை. சகோதரராக இணைக்கப்பட்ட ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களுக்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்குச் செல்லும் வழியைக் காட்டினால் போதும் என்றார்கள் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய அவர்கள் பின்னர் பெருஞ்செல்வரானார்கள்.

முன்பின் அறியாதவரிடம் நாம் கேட்க வேண்டியதும் வழியைத்தான். "ஐயா, ஒரு வேலை போட்டுக் கொடுங்கள்" என்று எடுத்த எடுப்பில் எழுதினால் எவரும் பதில் தரமாட்டார். நீங்கள் யார், அவரை எவ்வாறு அறிந்தீர்கள், எதைத் தெரிந்து கொள்ள விரும்புகின்றீர்கள் என்று மூன்று வரிகள் எழுதுங்கள். பதில் வந்தால் நன்றி கூறுங்கள். வராவிட்டால் நச்சரிக்காதீர்கள்.

நெருங்கிய உறவினர்தாம் வேலை வாங்கித் தருவார் என்று நாம் எண்ணுகின்றோம். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973 இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகக் கூறுகின்றது. தெரிந்தவர் வழியாக வேலை பெற்றவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கே அடிக்கடி சந்திப்பவர் மூலம் செய்தி கிடைத்திருந்தது. மற்றவர்களுக்கு எப்போதாவது காண்பவரே உதவியிருந்தனர். நம் வீட்டார் அறிந்தது பெரும்பாலும் நாம் அறிந்ததே. தூரத்துப் பழக்கம் உள்ளவரே புதிய செய்தி கொண்டு வருகின்றார். லிங்க்ட்இன் பயனாளர்கள் 2 கோடிப் பேரைக் கொண்டு செய்யப்பட்டு 2022 இல் வெளியான ஆய்வும் இக்கருத்தை வலுப்படுத்தியது. ஆகவே கல்லூரியில் உடன் பயின்றவர், வளைகுடாவில் பணிபுரியும் ஊர்க்காரர், முன்னாள் ஆசிரியர் ஆகியோரோடு ஸலாமும் நலம் விசாரிப்பும் தொடரட்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இணையத்தில் நாம் நம்மை அறிமுகம் செய்வது போலவே மோசடிக்காரனும் தன்னை அறிமுகம் செய்கின்றான். தாய்லாந்தில் கணினி வேலை என்னும் சமூக வலைத்தள விளம்பரங்களையும் முகவர்களையும் நம்பிச் சென்ற நம் நாட்டு வாலிபர்கள் எல்லை கடத்தப்பட்டு மியான்மரில் அடைத்து வைக்கப்பட்டனர். 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் இது குறித்து எச்சரித்தது. அக்டோபர் தொடக்கத்தில் மீட்கப்பட்ட தமிழ்நாட்டு வாலிபர்கள் 13 பேர் சென்னை வந்தனர். அவர்களைத் திரும்பப் பெறும் வரை தாய்மார்கள் சிந்திய கண்ணீருக்கு அளவேது?

எனவே வெளிநாட்டு வேலை என்றால், முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற முகவரும் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர அதிகமாகக் கட்டணம் பெற விதி இல்லை. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் அணுகலாம். கடவுச்சீட்டையோ ஆதார் நகலையோ அறியாதவருக்கு அனுப்பாதீர்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு அழைத்தால் மறுத்துவிடுங்கள்.

பெரியோர்களே, நமக்கும் ஒரு கடமை உண்டு. ஒருவரின் வேலையை நாம் கண்ணால் கண்டிருந்தால் அதைத் தயங்காமல் எழுதிக் கொடுப்போம். காணாததற்குச் சாட்சி சொல்லாதிருப்போம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் பணிபுரிவோர், தம் துறையில் நுழைய விரும்பும் ஒரு வாலிபருக்காவது வழி காட்டுவோம் என உறுதி கொள்ள வேண்டுகின்றோம்.

அந்த வாலிபரை மறுநாள் அழைத்து அருகில் அமர்த்திக் கொண்டோம். பழையதை அழித்துவிட்டு, "ரமலான் மாதம் 30 நாள்கள் பள்ளிவாசல் கஞ்சிக்கான வரவு செலவை நாள்தோறும் எழுதி, மாத முடிவில் நிர்வாகக் குழுவிடம் கணக்கு ஒப்படைத்தேன்" என்று எழுதினார். மூன்று ஆண்டுகள் ஒரு மாதமாகச் சுருங்கின. ஆனால் யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்ல இப்போது நமக்குத் தயக்கமில்லை. அவருக்கு வேலை இன்னும் அமையவில்லை. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். தேடுவதும் மெய்யுரைப்பதும் நம் பொறுப்பு.

நம் பிள்ளைகளுக்கு ஹலாலான வருவாயையும், அதில் பரக்கத்தையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.