பெயரெச்சமும் ஆங்கில வாசிப்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கவிதைக்கென்று பத்தாண்டுகளாகக் கூடிவரும் அவையில் ஆங்கிலம் கற்பித்தலைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். பெயரெச்சம் கவிஞர்களின் அன்றாடக் கருவி. அந்தக் கருவி ஆங்கில வகுப்பின் பூட்டு ஒன்றையும் திறக்கும் என்பதே இவ்வுரையின் பொருள். ஆதலால் அவையோர் பொறுத்தருளலாம்.

செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் காலைப் பேருந்தில் திருவண்ணாமலைக்கு வந்திறங்கும் முதலாண்டுக் கல்லூரி மாணவி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர். பள்ளியில் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் பல்லாண்டு படித்துத் தேர்ச்சியும் பெற்றவர். அவர் முன் ஓர் எளிய ஆங்கிலத் தொடர் வைக்கப்படுகிறது: "தி ஓல்டு மேன் ஹூ ஸோல்டு தி கௌ வென்ட் ஹோம்." ஒவ்வொரு சொல்லுக்கும் அவருக்குப் பொருள் தெரியும். தொடரின் பொருளைக் கேட்டாலோ, "பசு வீட்டுக்குப் போயிற்று" என்கிறார்.

வகுப்பு சிரிக்கும். ஆயினும் இந்த விடை அறியாமையால் வந்தது அன்று. தமிழ் வாக்கியத்தை நன்கறிந்த மனத்திலிருந்து வந்தது. "பசுவை விற்ற முதியவர் வீட்டுக்குப் போனார்" என்ற தமிழ்த் தொடரில், பெயரை விளக்கும் பகுதி முழுவதும் பெயருக்கு முன்னே முடிந்துவிடுகிறது. 'முதியவர்' என்ற பெயருக்கும் 'போனார்' என்ற முற்றுக்கும் இடையே வேற்றாள் எவரும் புகவில்லை. மேலும் 'பசுவை' என்ற சொல்லில் இருக்கும் ஐகாரம், இப்பசு எழுவாய் ஆகாது என்று முன்னரே அறிவித்துவிடுகிறது. ஆங்கிலமோ பெயரை முதலில் நிறுத்தி, அதன் விளக்கத்தைப் பின்னே செருகி, அதன் பிறகே முற்றுவினையைக் கொணர்கிறது. கௌ என்ற சொல்லில் உருபும் இல்லை. முற்றுவினைக்குப் பக்கத்தில் நிற்கும் பெயரே எழுவாய் என்று கொண்ட மாணவி, பசுவை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். இப்பிழையைத் திருத்தும் ஆசிரியர், முதலில் இதன் நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவ்வூர் மாணவர்க்கு இன்னொரு தடையும் உண்டு. ஹூ என்றால் யார் என்றே அவர்கள் அறிவார்கள். சிவப்பிரகாசம் பிள்ளை 1902ஆம் ஆண்டளவில் கேட்ட வினாக்களுக்கு ரமண மகரிஷி எழுதிக்காட்டிய விடைகளே 'நான் யார்?' என்ற சிறுநூலாயின. அதன் ஆங்கில வடிவம் 'ஹூ ஆம் ஐ?' என்ற பெயரில் உலகெங்கும் படிக்கப்படுகிறது. இவ்வூரில் அப்பெயர் கண்ணில் படாமல் போகாது. அங்கே ஹூ ஒரு வினாச்சொல். வாக்கியத்தின் நடுவே அதே சொல் வரும்போது அது எதையும் வினவுவதில்லை. முன்னே நின்ற பெயரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. ஒரே சொல்லின் இவ்விரு தொழிலையும் பிரித்துக் காட்டாத வகுப்பில், "முதியவர் யார் பசுவை விற்றார்" என்ற விந்தையான தமிழ் பிறப்பதில் வியப்பில்லை.

ஆங்கில இலக்கணம் ரிலேட்டிவ் கிளாஸ் என்று வழங்கும் இத்தொடருக்கு நிகரானது தமிழில் பெயரெச்சம். 1856இல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், ஐரோப்பிய மொழிகளில் உள்ளவை போன்ற இணைப்புப் பதிலிப்பெயர்கள் திராவிட மொழிகளில் இல்லை என்பதையும், அவற்றின் பணியை எச்சமே செய்கிறது என்பதையும் விரித்துரைத்தார். தமிழ் மட்டும் அறிந்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. தொல்காப்பியர் வினையியலில் செய்யும், செய்த என்னும் வாய்பாட்டுச் சொற்கள் தழுவும் பொருள்களை ஆறு என்று எண்ணிவைத்தார்: நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை. நன்னூலார் செய்கின்ற என்பதையும் சேர்த்து வாய்பாட்டை மூன்றாக்கினார். ஆறு பொருள் ஆறாகவே நின்றது.

இந்த ஆறினையும் 'படித்த' என்ற ஒரே சொல்லைக்கொண்டு காட்டலாம். படித்த மாணவி, படித்த புத்தகம், படித்த பள்ளி, படித்த நாள், படித்த கண்ணாடி, படித்த படிப்பு. மாணவி படித்தாள், புத்தகம் படிக்கப்பட்டது, பள்ளியில் படித்தாள், அந்நாளில் படித்தாள், கண்ணாடியால் படித்தாள், படிப்பு அத்தொழிலின் பெயர். எச்சம் இம்மியும் மாறவில்லை. மாணவியோ புத்தகமோ எவ்வுறவில் நிற்கிறது என்பதைச் சொல் சொல்லாது. கேட்பவர் பொருளறிவால் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் இவ்வுறவைப் பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. மாணவிக்கு ஹூ, புத்தகத்திற்கு விச், பள்ளிக்கு வேர், நாளுக்கு வென், கண்ணாடிக்கு வித் விச். ஆகவே தமிழ் மாணவர் சொல்லாத உறவைத் தாமே உய்த்துணர்ந்து பழகியவர். சொல்லிவிட்ட உறவைப் புரிந்துகொள்வது அவருக்குக் கடினமாக இருக்க நியாயமில்லை. கடினம் முழுவதும் வரிசையில்தான் இருக்கிறது.

எட்வர்ட் கீனனும் பெர்னார்டு காம்ரியும் 1977இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், உலக மொழிகளில் எப்பெயர்கள் எளிதில் இத்தகைய தொடருக்குத் தலையாகும், எவை அரிதில் ஆகும் என்று ஒரு படிநிலை வகுத்தார்கள். எழுவாய் முதற்படி, செயப்படுபொருள் அடுத்த படி, கருவி இடம் முதலியன அதற்கும் கீழே. தொல்காப்பியரின் ஆறும் இவர்களின் படிநிலையும் ஒன்றல்ல. அவர் வரிசைப்படுத்தவில்லை, ஆறற்கும் ஒத்த உரிமை என்றார். ஆயினும் கேள்வி ஒன்றே. இக்கேள்வியைத் தமிழ் வகுப்பில் நன்னூலாகவும் ஆங்கில வகுப்பில் ரிலேட்டிவ் கிளாஸாகவும் படிக்கும் மாணவியிடம், இரண்டும் ஒன்றையே பேசுகின்றன என்று எவரும் சொல்வதில்லை. இரு துறைகளுக்கும் இடையே ஒரு சுவர்தான் இருக்கிறது.

அச்சுவரைத் தாண்டாமல் வகுப்புகளில் வழங்கிவரும் குறுக்குவழி 'எவன் – அவன்' முறை. "எந்த முதியவர் பசுவை விற்றாரோ அந்த முதியவர் வீட்டுக்குப் போனார்" என்று மொழிபெயர்த்துக் காட்டுவார்கள். இது தமிழுக்கு முற்றிலும் அயலானது அன்று. குறளிலேயே எகர அகர இணைத்தொடர்கள் உண்டு. வேதாகம மொழிபெயர்ப்பிலும் சட்ட நடையிலும் அது வேரூன்றிவிட்டது. ஆனால் அதன்வழிக் கற்ற மாணவர் ஆங்கிலம் எழுதும்போது அந்த 'அவர்' விடாமல் பின்தொடர்கிறார்: "தி மேன் ஹூ கேம் எஸ்டர்டே ஹீ ஈஸ் மை அங்கிள்." ஹீ என்ற அந்த ஒரு சொல் பெரும்பாலும் குறுக்குவழியின் கூலி.

அதைவிட நல்ல பாலம் பேச்சுத் தமிழில் இருக்கிறது. "ஒரு பெரியவரு, நேத்து வந்தாரே, அவருதான்" என்று சந்தையில் பேசாதவர் யார்? பெயர் முதலில், விளக்கம் பின்னே, பிறகு முற்று. ஆங்கிலத்தின் வரிசையும் ஏறத்தாழ இதுவே. கொச்சை என்று வகுப்பறை ஒதுக்கும் பேச்சே ஆங்கில வாசிப்புக்கு வாயிலாகும்போது, அதை ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. இதிலும் ஓர் 'அவரு' வருவது உண்மை. ஆனால் இது வாசிப்புக்கான பாலம். எழுதும்போது அதனைக் களைந்துகொள்ளக் கற்பிக்கலாம்.

வாசிப்பை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும்? இன்றைய நகரங்களில் விளம்பரம் பெறுவது பேச்சு ஆங்கிலமே. டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1926இல் வெளியான இருமொழியம் பற்றிய தம் நூலில், வங்க மாணவர்க்கு முதலில் தேவைப்படுவது வாசிப்பாற்றலே என்று வாதிட்டார். பள்ளியை இடையில் விட்டவர்க்கும் கையில் மிஞ்சக்கூடியது அதுவே என்பது அவர் கருத்து. அவர் கூற்று முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை. இவ்வொன்று இங்கும் பொருந்தும். வங்கிக் கடன் நிபந்தனை, நீதிமன்ற ஆணை, போட்டித்தேர்வு அறிவிப்பு ஆகியவை "கேண்டிடேட்ஸ் ஹூ ஹேவ் நாட்" என்றுதான் தொடங்குகின்றன. அந்த ஹூ எங்கே முடிகிறது என்று தெரியாதவர் தமக்குரிய வாய்ப்பைத் தாமே கடந்து போய்விடுவார். இவ்வூருக்கென்று ஓர் இழப்பும் உண்டு. 1930களில் ரமணர் தமிழிலும் பிற தென்மொழிகளிலும் உரையாடியவற்றை முனகல வேங்கடராமையா ஆங்கிலத்தில் குறித்துவைத்தார். மலையடியில் பெரும்பாலும் தமிழில் பேசப்பட்ட பேச்சு ஆங்கில நூலாக உலகைச் சுற்றுகிறது; மலையடியில் பிறந்த மாணவி அந்நூலின் முதற்பக்கத்தில் தடுக்கி நிற்கிறார்.

கற்பிக்கும் முறைக்கு வரலாம். தொடரின் இறுதியில் ரிலேட்டிவ் கிளாஸ் வருமாறு அமைந்தவற்றை முதலில் தரவேண்டும். 'பசுவை விற்ற முதியவரைப் பார்த்தேன்' என்பதற்கான ஆங்கிலத்தில் தடுமாற இடமில்லை. பின்னரே நடுவில் செருகியவை. ஹூவையோ விச்சையோ கண்டவுடன் மாணவர் 'எந்த?' என்று கேட்கப் பழக வேண்டும். எந்த முதியவர்? பசுவை விற்ற முதியவர். வாயில் பெயரெச்சம் தானே வந்துவிடும். அடுத்து, வினைகளை எண்ண வேண்டும். முதலில் வரும் வினை உள்ளே இருக்கும் தொடருக்கு. அடுத்த வினை வெளியே காத்திருக்கும் பெயருக்கு. இந்த ஓர் எளிய கணக்கு பசுவை மீட்டுத் தந்துவிடும். "தி கௌ தி ஓல்டு மேன் ஸோல்டு ஈஸ் பிளாக்" போன்று இணைப்புச் சொல்லே இல்லாத தொடரிலும் அதே கணக்குப் பலிக்கும். இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து நின்றால் அங்கே ஒரு விச் மறைந்திருக்கிறது என்று ஐயுறப் பழகினால் போதும். வாசிப்புப் பகுதிகளும் அறிந்த பொருளைப் பற்றியனவாக இருத்தல் நலம். பால் பிரண்டன் 1934இல் வெளியிட்ட நூலில் அருணாசல மலையை வருணிக்கும் பகுதி உண்டு. மலையை நாள்தோறும் காண்பவர்க்குப் பொருள் பாதி தெரியும். மனம் வாக்கிய அமைப்பில் தங்கும்.

காற்புள்ளியைப் பற்றியும் ஒரு சொல். செங்கத்தில் இருக்கும் என் அண்ணன் என்றால், அண்ணன் ஒருவரா பலரா என்று தமிழ் சொல்லாது. ஆங்கிலத்தில் ஹூவுக்கு முன் காற்புள்ளி இட்டால் அண்ணன் ஒருவரே. இடாவிட்டால் வேறு அண்ணன்மாரும் உண்டு என்ற குறிப்பு. சட்ட ஆவணங்களில் இந்தச் சிறு கோடு பொருளையே மாற்றிவிடும்.

கவிஞர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பாட்டு ஒன்றில், கணவனின் நாட்டில் இலை மூடிய கிணற்றில் மான் உண்டு எஞ்சிய கலங்கல் நீர், தாய்வீட்டுத் தேன் கலந்த பாலினும் இனியது என்கிறாள் தலைவி. எச்சங்கள் முன்னே அடுக்கி வர, நீர் கடைசிச் சொல்லாக வந்து விழுகிறது. இப்பாட்டை மொழிபெயர்த்த ஏ. கே. ராமானுஜன், தமிழின் தொடரும் ஆங்கிலத்தின் தொடரும் கண்ணாடிப் பிம்பங்கள் போல் எதிரெதிர் என்று தம் கட்டுரையில் விளக்கினார். அவர் மொழிபெயர்ப்பில் இனிமை முதலில் நிற்கிறது; நீர் நடுவில் வருகிறது; இலையும் விலங்கும் கலக்கலும் பின்னே வருகின்றன. ஒரு விச் கூட இல்லை. மாணவி தேர்வறையில் தடுமாறும் அதே இடத்தில்தான் அவரும் நின்று வழி தேடினார்.

இவ்வூரிலேயே வாழும் கே. வி. ஜெயஸ்ரீ, மனோஜ் குரூரின் மலையாள நாவலைத் தமிழாக்கியதற்காக 2019ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார். 'நிலம் பூத்து மலர்ந்த நாள்' என்ற தலைப்பு, தொல்காப்பியர் எண்ணிய ஆறில் காலம் தழுவிய பெயரெச்சம். மலையாளத்திலும் அதே அமைப்பு. ஆகவே தலைப்பு சற்றும் நெளியாமல் தமிழுக்கு வந்தது. ஜெ. தேவிகா அதனை ஆங்கிலமாக்கியபோது 'தி டே தி எர்த் பிளூம்டு' என்றாயிற்று. நாள் முன்னே சென்றுவிட்டது. நிலமும் மலர்ச்சியும் பின்னே நிற்கின்றன. வென் என்ற சொல்லும் இல்லை. பெயர் இரண்டு அடுத்தடுத்து நிற்கின்றன. எந்த நாள் என்று கேட்டால் விடை தமிழில் தயாராக இருக்கிறது. திருவண்ணாமலையில் ஓர் ஆங்கில ஆசிரியரும் ஒரு தமிழாசிரியரும் சேர்ந்து ஒரு வகுப்பு எடுக்க முன்வந்தால், கரும்பலகையில் முதலில் எழுத வேண்டிய மூன்று வரிகள் இத்தலைப்பின் மலையாளமும் தமிழும் ஆங்கிலமுமே.